யார், யாரிடம், எவ்விடத்தில்: மலேசிய இளையோர் படித்த புதினங்களும் கதைமாந்தர் பேச்சும்



தஞ்சோங் மாலிமில் உரையாற்றுமாறு மொழி மன்றத்தார் அழைத்தபோது என் நினைவுக்கு முதலில் வந்தது பெர்ணம் ஆறு. இந்நகரின் தெற்கே ஓடும் அவ்வாறு பேரா மாநிலத்தையும் சிலாங்கூர் மாநிலத்தையும் பிரிக்கின்றது. பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம் போதும். 2011-ஆம் ஆண்டில், அந்த ஒரு நிமிடத் தொலைவுதான் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவர் எந்தக் கதையைப் படிக்கவேண்டும் என்பதை முடிவுசெய்தது. மலாய்மொழிப் பாடத்தின் இலக்கியப் பகுதிக்காகக் கல்வியமைச்சு நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கொரு புதினம் என வகுத்திருந்தது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் ஆகியவற்றின் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அப்துல்லா உசேன் எழுதிய 'இண்டர்லோக்' பாடநூலாயிற்று. பேராவில் படித்தவர்களுக்கு வேறொரு புதினம். இக்கரையில் இருந்த தமிழ்ப் பையனுக்கு அந்த ஆண்டு அமைதியாகக் கழிந்தது. அக்கரையில் கலும்பாங்கிலும் கெர்லிங்கிலும் இருந்த அவனுடைய மாமன் மகளோ, தன் முன்னோரைப் பற்றிய ஒரு பத்தியை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்கவேண்டிய நிலைக்கு ஆளானாள்.

அந்தச் சர்ச்சையின் அரசியலைப் பலர் பேசியுள்ளனர், இன்னும் பேசுவர். மொழியியல் படித்தவன் என்ற முறையில் நான் எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. தம் இனத்தைச் சாராத ஒருவரை, தமக்குப் பழக்கமில்லாத வீட்டில் வளர்ந்த ஒருவரை, ஓர் எழுத்தாளர் கதைக்குள் கொண்டுவரும்போது அவர் எதனால் உயிருள்ளவராகிறார், எதனால் பொம்மையாகிறார்? இளையோர் படிக்கும் புதினத்தில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. வளர்ந்தவர் ஒரு புத்தகம் பிடிக்கவில்லையென்றால் மூடிவைத்துவிடலாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாது.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். அப்துல்லா உசேன் 1920-இல் கெடாவில் பிறந்தவர், 1996-இல் 'சாஸ்தெராவான் நெகாரா' என்னும் தேசிய இலக்கியவாணர் விருது பெற்றவர், 2014-இல் மறைந்தார். 'இண்டர்லோக்' புதினத்தை அவர் 1967-இல், விடுதலையின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த புதினப் போட்டிக்காக எழுதினார். அதற்கு ஆறுதல் பரிசே கிடைத்தது. 1971-இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா அதனை நூலாக்கியது. செமான் என்னும் மலாய்க்காரர், சின் ஹுவாட் என்னும் சீனர், மணியம் என்னும் தமிழர் ஆகிய மூவரின் குடும்பங்களை மூன்று பகுதிகளில் தனித்தனியே சொல்லி, நான்காம் பகுதியில் அவற்றைப் பின்னிப்பிணைக்கும் அமைப்பு அதனுடையது. அடிபட்டுக் கிடக்கும் மணியத்தைச் செமானின் தந்தை மூசா காப்பாற்றுகிறார். நூலின் நோக்கம் இன ஒற்றுமை என்பதில் எனக்கு ஐயமில்லை. மே 13 கலவரத்துக்கு இரண்டாண்டு முன்னரே ஒருவர் மூவினத்தாரையும் ஒரே நூலில் வைத்து எழுத முனைந்தார் என்பதை நாம் மதிக்கவேண்டும்.

நோக்கம் நன்றாயிருந்தும் சிக்கல் எழுந்தது. மணியம் கப்பலேறி வரும் பகுதியில், உடன் வந்தோர் அனைவரும் ஒரே சாதியினர், ஆகவே தீண்டல் பற்றிய அச்சம் அவர்களுக்கு இல்லை என்ற பொருள்பட ஒரு பத்தி உண்டு. அச்சாதியைக் குறிக்க 'பாரியா' என்ற சொல் ஆளப்பட்டிருந்தது. 2011 தொடக்கத்தில் எதிர்ப்பு வலுத்தது. அரசு ஒரு குழுவை அமைத்தது. குழுவில் இருந்த இந்தியப் பிரதிநிதிகள் கருத்து வேறுபட்டு வெளியேறினர். திருத்தங்களோடு நூல் தொடரும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நூலே மீட்டுக்கொள்ளப்பட்டு, அதே ஆசிரியரின் 'கொன்செர்த்தோ தெராக்கிர்' அதன் இடத்துக்கு வந்தது.

அந்தச் சொல்லின் பயணத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தமிழில் 'பறையர்' என்பது பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு குலப்பெயர். போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் அதனைத் தம் நாவுக்கேற்ப வளைத்து எடுத்துச் சென்றனர். ஐரோப்பாவில் அது குலப்பெயராக இல்லாமல், ஊர் விலக்கி வைத்த எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று; தெருநாய்க்கும் அடைமொழியாயிற்று. அவ்வாறு திரிந்த பொருளோடு அது மலாய்க்குள் நுழைந்தது. ஆகவே, நம் மொழியிலிருந்து புறப்பட்ட ஒரு சொல், நான்கு நூற்றாண்டு உலகைச் சுற்றி, வசையாகி, நம் பிள்ளையின் மேசைக்கே வந்து சேர்ந்தது. இந்தப் பயணத்தை 2011-இல் வகுப்பறையில் யாரேனும் விளக்கியிருந்தால் அதுவே ஒரு நல்ல மொழிப்பாடமாக இருந்திருக்கும்.

பத்தியின் செய்தியும் பிழையே. மலாயாவுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்த வரலாற்றை விரிவாக எழுதிய கெர்னியால் சிங் சந்துவின் 1969-ஆம் ஆண்டு நூலையோ, சி. அரசரத்தினத்தின் 1970-ஆம் ஆண்டு நூலையோ புரட்டுவோர், வந்தவர்கள் ஒரே குலத்தினர் அல்லர் என்பதைக் காண்பர். வன்னியர், கவுண்டர், கள்ளர், அகமுடையார், ஆதிதிராவிடர் எனப் பலரும் வந்தனர். தீட்டும் கடலில் கரைந்துவிடவில்லை. ரவீந்திர ஜெயின் ஒரு தோட்டத்தில் தங்கி ஆய்ந்து 1970-இல் வெளியிட்ட நூல், லயங்களிலேயே ஆதிதிராவிடரும் பிறரும் பிரிந்து வாழ்ந்ததைக் காட்டுகின்றது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஆண்டின் எதிர்ப்புக் குரல்களில் இரண்டு வகை இருந்தன. ஒரு மக்கள்கூட்டத்தையே இழிசொல்லால் குறிக்காதீர்கள் என்றது ஒன்று. எங்களைப் போய் அந்தச் சாதி என்கிறீர்களே என்றது மற்றொன்று. இரண்டாவது குரலைக் கேட்டபோது, அந்தச் சாதியில் பிறந்து அதே வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை என்ன நினைத்திருக்கும் என்று எண்ணினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் அதற்கு அடி விழுந்தது. அதனைப் பற்றி எழுதப்பட்ட இளையோர் கதை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.

இனி, கதைமாந்தர் பற்றிய கேள்விக்கு வருவோம். இதற்கு வெளிநாட்டுக் கோட்பாடு தேடி அலையவேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பன அடுத்தடுத்து வருகின்றன. சற்றே தள்ளி 'முன்னம்' என்றோர் உறுப்பு வருகின்றது. இன்ன இடத்தில், இன்ன பேச்சு, இன்னார் இன்னாரிடம் பேசத் தக்கது என்பதைப் படிப்பவர் உய்த்துணரும்படி அமைவதே முன்னம். செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம் புதினத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. எனினும் நாற்பதாண்டுக் காலம் கதை உரையாடல்களை மொழியியல் நோக்கில் பார்த்து வந்ததில், நம்பத்தக்க கதைமாந்தரையும் நம்பமுடியாத கதைமாந்தரையும் பிரித்தறிய இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

'இண்டர்லோக்' பத்தியை இக்கருவியால் அளந்து பாருங்கள். அதைக் கூறுபவர் யார்? மணியம் அல்லர். கப்பலில் வந்த வேறெவரும் அல்லர். கதையாசிரியர் குரலே அதைக் கூறுகின்றது. கேட்போர் யார்? 1967-இல் போட்டி நடுவர்களும் மலாய் வாசகர்களும். களன், ஒற்றுமை விழா. 2011-இல் கூற்று மாறவில்லை. கேட்போர், களன், காலம் மூன்றும் மாறிவிட்டன. மணியத்தின் கொள்ளுப்பேத்தி ஐந்தாம் படிவ வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாள் கேட்பாள் என்று எழுதியவர் எண்ணிப் பார்த்திருந்தால், குறைந்தது அந்தச் செய்தியை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருப்பார்; கப்பலில் ஒருவர் அதை மறுத்துப் பேசியிருப்பார். அப்போது அது ஆசிரியரின் தீர்ப்பாக இல்லாமல் மாந்தரின் வழக்காக ஆகியிருக்கும்.

சிறு செய்தியொன்றைச் சொல்லவேண்டும். மணியம் மணக்கும் தோட்டத்துப் பெண்ணின் பெயர் மாலினி. பெருமாள், சுப்பையா என்ற பெயர்கள் அக்காலத் தோட்டத்துக்குப் பொருந்துகின்றன. மாலினி பொருந்தவில்லை. அத்தலைமுறையில் எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் அஞ்சலை, முனியம்மா, காளியம்மா, பாப்பாத்தி என்றிருந்தனர். மாலினி என்ற பெயரை நான் முதலில் கேட்டதே ஓர் ஆசிரியையின் பெண்ணுக்கு வைத்தபோதுதான். சாதிப் பத்தியைப் பற்றி ஓராண்டு சண்டையிட்டோம். இந்தப் பெயரைப் பற்றி எவரும் பேசவில்லை. ஆனால் கதைமாந்தர் நம்பத்தக்கவராவதும் ஆகாததும் பெரும்பாலும் இத்தகைய சிற்றிடங்களில்தான் தொடங்குகின்றன. ஒரு வீட்டுக்குள் போய்ப் பழகியவருக்குப் பெயர் பிழைக்காது. இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் மலாய் இலக்கியத்தில் உண்டு. அ. சமாட் சைட் 1961-இல் வெளியிட்ட 'சலினா'வில் ஆட்டுக் கொட்டகைகளை வீடுகளாக்கி வாடகைக்கு விடுபவரின் பெயர் 'குருப்பையா'. கருப்பையாவாகத்தான் இருக்கவேண்டும். எழுத்துத் திரிந்திருக்கிறது, ஆனால் அந்தத் திரிபு சிங்கப்பூரின் மலாய் நாவில் அப்பெயர் எப்படி ஒலித்தது என்பதையே நமக்குச் சொல்கின்றது. அது காதால் கேட்டு எழுதிய பெயர்.

மலாய் இளையோருக்கான வாசிப்பு உருவான வரலாற்றில் இந்நகருக்குத் தனியிடம் உண்டு. இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்குவது 1922-இல் மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. இரண்டாண்டில் மொழிபெயர்ப்பு அலுவலகமும் இங்கு வந்தது. சாபா என அறியப்படும் சைனால் ஆபிதின் அகமது அதில் பணியாற்றினார். மலாய்ப் பள்ளிகளுக்கான பாடநூல்களும், வீட்டில் படிப்பதற்கான எளிய கதைநூல்களும் வரிசை வரிசையாக இங்கிருந்து வெளிவந்தன. கிராமத்து மலாய்ப் பிள்ளை கையில் எடுத்த கதைப் புத்தகங்களுள் பல தஞ்சோங் மாலிமில் உருவானவை. அதே ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கித்தாத் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. ஆனால் அப்பிள்ளைகளுக்கான கதைநூலை எந்த அலுவலகமும் உருவாக்கவில்லை. புத்தகங்கள் சென்னையிலிருந்து வந்தன.

அதன் விளைவை என் தலைமுறை நன்கறியும். பேராங் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த நான் முதலில் படித்தது பழைய 'அம்புலிமாமா' இதழ்களை. பிறகு மு. வரதராசனார். 'அகல் விளக்கு' படித்தபோது எனக்குப் பதினாறு வயது. சந்திரனும் வேலுவும் வளர்வதும் பிரிவதும் என் நெஞ்சைத் தொட்டன. அந்தப் புதினத்துக்கு நான் இன்றும் கடன்பட்டவன். ஆயினும் ஒன்று புரியாமலிருந்தது. அவர்கள் எல்லாரும் பாடநூல் போலப் பேசினர். எங்கள் லயத்தில் யாரும் அப்படிப் பேசவில்லை. நாங்கள் பேசுவது கதைக்கு உரிய மொழி அன்று என்ற முடிவுக்கு நான் வந்தேன். ஒரு பிள்ளை அத்தகைய முடிவுக்கு வந்துவிட்டால், அது பின்னாளில் எழுத உட்காரும்போதும் தன் வீட்டை விட்டுவிட்டு வேறெங்கோ போய்த்தான் எழுதும். நானும் முதலில் எழுதிய மூன்று கதைகள் வாலாசாவைப் போன்ற ஓர் ஊரில் நடந்தன. அவ்வூரை நான் கண்டதில்லை.

அமெரிக்காவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 1965-இல் நான்சி லாரிக் என்பவர், மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து, அவற்றுள் 349-இல் மட்டுமே, அதாவது 6.7 விழுக்காட்டில் மட்டுமே, ஒரு கறுப்பினப் பாத்திரமாவது தோன்றுவதாகக் கணக்கிட்டார். 1990-இல் ருடீன் சிம்ஸ் பிஷப், நூல் சிலருக்குச் சாளரமாகவும் சிலருக்குக் கண்ணாடியாகவும் அமைவதைப் பற்றி எழுதினார். நம் நிலை சற்றே வேறு. எங்களுக்குத் தமிழ்க் கண்ணாடி இருந்தது. அதில் தெரிந்தது வேறொரு நாட்டுத் தமிழ் முகம்.

மலாயாவிலேயே தமிழ்ப் புதினம் எழுதப்படவில்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். எழுதப்பட்டது. முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வெளிவந்துவிட்டது. ஆனால் இந்நாட்டு மாந்தரை எழுதவேண்டும் என்ற எண்ணம் பயிற்சியாக வளர்ந்தது 1950-க்குப் பிறகுதான். அவ்வாண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினர். ஒரு நாளிதழ் தன் வாசகர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தது என்பதை இன்றைய மாணவர்கள் வியப்போடு கேட்கின்றனர். 1952-இல் அவ்விதழின் ஆசிரியர் குழுவுக்கு வந்த கு. அழகிரிசாமி 'இலக்கிய வட்டம்' கூட்டி இளம் எழுத்தாளரோடு கதைகளைப் பற்றி உரையாடினார். தோட்டத் தொழிலாளரும் பள்ளி ஆசிரியரும் எழுத்தர்களும் எழுத வந்தனர். கரிசல் வட்டாரப் பேச்சைக் கதைக்குள் இயல்பாக நடமாடவிட்ட ஒருவர் இங்கு வந்து ஐந்தாண்டு தங்கியது நமக்கு வாய்த்த நல்லூழ்.

அதன்பின் வந்த தோட்டக் கதைகளில் தமிழ் மாந்தர் மெல்ல மெல்லத் தம் குரலில் பேசத் தொடங்கினர். பெரட்டுக் களமும், ஆயாக் கொட்டகையும், பால் மங்கும், 'பசியாறியாச்சா' என்ற விசாரிப்பும் எழுத்தில் ஏறின. ஆனால் இங்கேதான் நம் கணக்கையும் பார்க்கவேண்டும். நம் கதைகளில் சீனர் எப்படி வருகிறார்? கடைக்காரராக வருகிறார், கணக்குப் புத்தகத்தில் கடனெழுதுகிறார், கொச்சைத் தமிழில் இரண்டு வரி பேசி வாசகரைச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுகிறார். மலாய்க்காரர் காவலராகவோ வாகன ஓட்டியாகவோ வந்து தலையசைக்கிறார். 'இண்டர்லோக்'கில் கடனில் நிலமிழக்கும் மலாய்க்காரர், கடன் கொடுக்கும் சீனர், தோட்டத்துத் தமிழர் என்று காலனிய அரசு அடுக்கிவைத்த வரிசை அப்படியே இருக்கிறது என்று நாம் குறைசொன்னோம். நம் கதைகளிலும் அதே அடுக்கு இருக்கிறது. நாம் வேறு தட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம், அவ்வளவே.

எங்கள் தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்த சீனப் பெரியவர் என் தாயைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். அவருடைய தமிழில் இலக்கணப் பிழை கிடையாது. ழகரம் மட்டும் வராது. எங்களில் பலருக்கும் அது வராது. கள்ளுக்கடைத் தகராற்றில் சமரசம் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரை நான் எந்தத் தமிழ்க் கதையிலும் சந்தித்ததில்லை. காரணம் எளிது. நம் கதைகளின் கேட்போர் தமிழர் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொண்டோம். அந்தப் பெரியவரின் மகன் இதைப் படிக்கப்போவதில்லை என்ற துணிவில் எழுதினோம். மலாய் எழுத்தாளர் 1967-இல் எண்ணியதும் அதுவே.

தமிழருக்குள்ளும் இதே குறை உண்டு. தோட்டத்தில் 'கிராணி' என்னும் எழுத்தர் பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருந்தார். தெலுங்கு பேசும் குடும்பங்கள் தனியே இருந்தன. கதைகளில் கிராணி கெடுதல் செய்பவராக மட்டுமே வருகிறார். அவர் வீட்டில் என்ன மொழி பேசினார், மனைவி அவரை எப்படி அழைத்தார், தொழிலாளியிடம் பேசும்போது எந்தச் சொல்லில் மொழி மாறினார் என்பன எழுதப்படவில்லை. இவற்றைத் தெரிந்தவர்கள் முதுமையில் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகின்றது.

நன்றாக எழுதியவர்களும் உண்டு. கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' புதினத்தை நம் ஆசிரியர்கள் ஒருமுறை படிக்கவேண்டுமென விரும்புகிறேன். ரவி என்ற பையன் வளர்ந்து ஆங்கிலப் பள்ளிக்குள் நுழையும் கதை அது. அவனுடைய தந்தை மருத்துவமனைச் சலவைத் தொழிலாளி, பாட்டி பெரியதாய். சீ. முத்துசாமி 2006-இல் வெளியிட்ட 'மண்புழுக்கள்' தோட்டப் பேச்சை அச்சமின்றிக் கையாண்டது. 2017-இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது தமிழகத்து வாசகர் பலர் முதன்முறையாக அப்பேச்சைக் கேட்டனர். கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களைப் பற்றியது. பேராவின் தைப்பிங்கில் பிறந்த உதயசங்கர் எஸ்.பி. மலாய்மொழியிலேயே 'சிறு கம்பம்' எழுதி, மலாய் வாசகரை நம் வாசலுக்குள் அழைத்தார். இளையோருக்கென்றே எழுதுவோர் குறைவு, கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற துணிகரக் கதைகள் பள்ளிப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கின்றன. அவர் ஆசிரியராக இருப்பது தற்செயல் அன்று. பிள்ளைகளின் பேச்சை நாள்தோறும் கேட்பவர் அவர்.

வயதைப் பற்றி ஒரு சொல். 'இண்டர்லோக்' எழுதப்பட்ட அதே 1967-இல் அமெரிக்காவின் டல்சா நகரில் எஸ். ஈ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்தது. அதனை எழுதத் தொடங்கியபோது அவர் பள்ளி மாணவி. பதினான்கு வயதுப் பையன் தன் குரலில் சொல்லும் கதை. இளையோர் புதினம் என்ற வகையே அந்நூலுக்குப் பிறகு வலுப்பெற்றது என்பர். பள்ளி மாணவர் எழுதியது அரைகுறையாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் அதனை நினைவில் வைக்கலாம்.

எழுத விரும்பும் மாணவர்களுக்கு, நான் வகுப்பில் பின்பற்றிய ஒரு வழியைச் சொல்கிறேன். முறைப்பெயர்களில் தொடங்குங்கள். மலேசியத் தெருவில் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறோம் என்பதைக் குறித்து வாருங்கள். உணவகத்தில் மலாய்க்காரர் நம் பணியாளரை 'அண்ணே' என்கிறார். நம் பெண்களை 'ஆச்சி' என்கிறார். நாம் அவர்களில் மூத்தோரைப் 'பாக்சிக்', 'மாக்சிக்' என்கிறோம். இச்சொற்கள் மொழி எல்லையைத் தாண்டும்போது பொருளும் சிறிது மாறுகின்றது. மலாய் நாவில் 'ஆச்சி' எந்த வயதுப் பெண்ணையும் குறிக்கும். செட்டிநாட்டில் அச்சொல்லுக்குள்ள மதிப்பு இங்கில்லை. ஒருவர் மரியாதையாகச் சொன்னதை மற்றவர் இளக்காரமாகக் கேட்கலாம். கதையின் முடிச்சு சில வேளை அங்கேயே கிடைத்துவிடும். கூற்று ஒன்று, கேட்போர் இருவர்.

பணி ஓய்வுக்கு முந்திய ஆண்டில், ஆசிரியர் பயிற்சியில் இருந்த ஒரு மாணவி கதையொன்று எழுதி வந்தாள். தமிழ்ச் சிறுமியின் வீட்டுக்கு மலாய்த் தோழி வருகிறாள். வாசலில் நின்று, 'வணக்கம் பாட்டி, தாங்கள் நலமா?' என்கிறாள். பாட்டி, 'நலமே, உள்ளே வா குழந்தாய்' என்கிறார். இப்படி யார் பேசுவார்கள் என்று நான் கேட்கவில்லை. உன் வீட்டுக்கு மலாய்த் தோழி வந்ததுண்டா என்று மட்டும் கேட்டேன். உண்டு என்றாள். அவள் உன் பாட்டியை எப்படி அழைப்பாள்? சற்று யோசித்து, 'நேனேக் என்றுதான்' என்றாள். பாட்டி எந்த மொழியில் பதில் சொல்வார்? 'மலாயில்தான், ஐயா. ஆனால் அவருக்குச் சந்தை மலாய்தான் வரும். அவள் சாப்பிடாமல் கிளம்பினால் மட்டும் தமிழில் திட்டுவார். அவளுக்கு அந்தத் திட்டு முழுவதும் புரியும்.'

அதை எழுதிவா என்றேன். அவளுக்கு ஓர் ஐயம். பாட்டியின் சந்தை மலாயைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பாட்டியைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடாதா? நல்ல மலாயாகத் திருத்தினால் அது பாட்டியின் பேச்சாக இராதே? இதற்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. தோழி அதைப் படித்தால் யாருடைய பாட்டி என்று அடையாளம் கண்டுகொள்வாளா என்று மட்டும் கேட்டேன். மறுவாரம் அவள் அந்த ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றையும் தோழிக்குப் படித்துக் காட்டியிருந்தாள். தோழி இரண்டாவதைக் கேட்டுச் சிரித்ததாகவும், மூன்றாவதைக் கேட்டுவிட்டு, பாட்டியைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டதாகவும் சொன்னாள்.